கதையில் வராத நோவு

இலக்கியம் வாழ்வைப் பிரதிபலிப்பது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கூற்று. ஆயினும், பெண்ணின் வாழ்வில் மாதந்தோறும் நிகழும் ஒன்று கதைகளில் எவ்வாறு பிரதிபலிக்கின்றது என்று வினவினால் அக்கூற்றின் எல்லை புலனாகும். மாதவிலக்கைத் தமிழ்க் கதை அறியாததன்று. பூப்பெய்தலும் சடங்கும் மஞ்சள் நீரும் அதில் உண்டு. தீட்டும் விலக்கும் உண்டு. 'நாள் தள்ளிப் போயிருக்கிறது' என்ற சொல்லைக் கேட்டுக் குடும்பமே மகிழும் காட்சியும் உண்டு. இல்லாதது ஒன்றே. அவ்வுடல் நோயுறக்கூடும், அந்நோய்க்கு மருந்தும் உண்டு என்ற எண்ணந்தான் அது. இது எழுத்தின் குறைபாடு மட்டுமாயின் திறனாய்வாளரிடம் விட்டுவிடலாம். ஆனால் ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே இக்குறைபாடு பெண்களின் தலையில் வந்து விடிகின்றது.

பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்களே. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, இடுப்பிலே படங்கு கட்டி, தலையிலே கூடைக் கயிற்றை மாட்டி மலையேறும் ஒருத்திக்கு, குறித்த நிறை கொழுந்தெடுத்தால்தான் ஒருநாட் 'பேர்' விழும். பல தோட்டங்களில் அந்நிறை 18 கிலோ அல்லது அதற்கு மேல். குறைந்தால் அரைப்பேர். மலையிலே மலசலகூடம் இருப்பது அரிது. துணி மாற்றுவதற்குத் தேயிலைச் செடியே மறைவு. அடிவயிறு பிசைந்தெடுக்கும் நாளில் அவள் கங்காணியிடம் தலையிடி என்பாள், காய்ச்சல் என்பாள், உண்மையைச் சொல்லமாட்டாள். 'வீட்டுக்குத் தூரம்' என்பதே அவளுக்குக் கிடைத்த சொல். அது அவள் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்கின்றதேயன்றி, அவளுக்கு என்ன செய்கின்றது என்பதைச் சொல்வதில்லை.

அத்தூரத்திலும் ஒரு முரண்பாடு உண்டு. அந்நாட்களில் அவள் கோயிலுக்குள் போகலாகாது. ஊறுகாய்ச் சாடியைத் தொடலாகாது. துளசி வாடிவிடும் என்பர். எனினும் அவள் கைபட்ட கொழுந்து வாடியதாக எந்தக் கணக்கப்பிள்ளையும் தராசடியில் எழுதி வைத்ததில்லை. தீட்டு கோயில் வாசலோடு நின்றுவிடுகின்றது. தேயிலை மலைக்கு அது ஏறுவதில்லை. உழைப்பு வேண்டப்படும் இடத்தில் விலக்கு விலக்கப்படுகின்றது.

இவ்வெண்ணம் தமிழருக்கு மாத்திரம் உரியதென்று கருதுதல் தவறு. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமானிய அறிஞர் பிளினி, மாதவிலக்கான பெண் தொட்டால் புதிய மது புளிக்கும், பயிர் கருகும் என்று எழுதினார். 1920ஆம் ஆண்டிலே வியன்னாவில் பேலா ஷிக் என்ற புகழ்பெற்ற குழந்தை மருத்துவர், பணிப்பெண்ணொருத்தி கைபட்ட பூக்கள் வாடியதைக் கண்டு, அந்நாட்களில் பெண்ணுடலில் நஞ்சொன்று உண்டாவதாக முடிவு கட்டினார். அப்படியொரு நஞ்சு உண்டென்பது பின்னர் நிறுவப்படவில்லை. விஞ்ஞானியின் கண்ணையே மறைத்த ஒன்று கதாசிரியரின் கண்ணையும் மறைத்ததில் வியப்பில்லை. தீட்டென்று ஒதுக்கப்பட்ட ஒன்றை நோயென்று பேசுவதற்கு நாவெழுவதில்லை. பேசப்படாத அவ்விடத்தை நிரப்பியவை கதைகள் கற்பித்த சில தவறான எண்ணங்களே.

அவற்றுள் முதலாவது மயக்கம் பற்றியது. கதாநாயகி தலைசுற்றி விழுவாள்; வைத்தியர் நாடி பார்த்துப் புன்னகைப்பார்; மாமியார் இனிப்பு வழங்குவாள். கதையிலும் திரைப்படத்திலும் பெண்ணின் மயக்கத்துக்குப் பெரும்பாலும் இந்த ஒரு பொருளே. மலையில் மயங்கி விழும் பெண்ணுக்கோ பெரும்பாலும் வேறு காரணம் இருக்கலாம். ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலீற்றருக்கு மேல் குருதி வெளியேறினால் அது மிகைப்போக்கு என்பது மருத்துவ வரையறை. மாதந்தோறும் இவ்வாறு இழப்பவளின் உடலில் இரும்புச்சத்து வற்றும். குருதியில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமிலும் குறைந்தால், கருவுறாத பெண்ணுக்கு அது இரத்தசோகை. உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதும் அறியப்பட்டதே. ரொட்டியும் சாயத்தண்ணீருமாகக் காலையுணவை முடித்து மலையேறும் பெண், தான் பறிக்கும் இலையாலேயே மேலும் சோகையடைகின்றாள். எளிய குருதிச் சோதனையிற் புலப்படும் இந்நோய் 'அவளுக்கு உடம்பில் தெம்பில்லை' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகின்றது.

இரண்டாவது, பேய் பற்றியது. பூப்பெய்திய பெண் அந்நாட்களில் ஆற்றோரம் தனியே போனாள், ஏதோ அண்டிவிட்டது என்பது கிராமத்துக் கதைகளும் தோட்டத்துக் கதைகளும் விரும்பிக் கையாளும் நிகழ்ச்சி. மாதவிலக்கை ஒட்டி வரும் மனச்சோர்வும் சினமும் உறக்கமின்மையும் உடற்சுரப்புகளின் மாற்றத்தோடு தொடர்புடையவை. கோடாங்கியின் உடுக்கையொலி அவற்றைத் தீர்ப்பதில்லை.

மூன்றாவதே மிகக் கொடியது. 'கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது அது. மாதவிலக்கு நோவு ஒருவகைப்பட்டதன்று. கருப்பையைச் சுருங்கச் செய்யும் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளால் வருவது ஒன்று. அஸ்பிரின் போன்ற மருந்துகள் அப்பொருள் உருவாவதைத் தடுக்கின்றன என்பதை 1971இல் ஜோன் வேன் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். அந்நோவை மருந்தால் தணிக்கலாம். மற்றொன்று, கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்ந்து நோவு தருவது. எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் இந்நோய்க்கு 1927இல் ஜோன் சாம்ப்சன் ஒரு விளக்கம் தந்தார். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டு என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. திருமணம் இதற்கு மருந்தன்று. கருவுற்ற காலத்தில் சிலருக்கு நோவு தணியலாம், அது குணமாகாது. அன்றியும், இந்நோய் கருத்தரிப்பதையே தடைசெய்யக்கூடும்.

இங்கேதான் கதை செய்யும் தீங்கு முழுமையாகத் தெரிகின்றது. நோவினால் துடிக்கும் பெண்ணுக்கு மருந்தாகத் திருமணம் செய்விக்கப்படுகின்றது. சில ஆண்டுகளில் அவளே மலடி எனப்படுகின்றாள். துடித்த குமரியும் மலடி எனப்பட்ட மனைவியும் தமிழ்க் கதைகளில் தனித்தனிப் பாத்திரங்களாக வருவதுண்டு. இருவரும் ஒருத்தியே, இரண்டுக்கும் ஒரு நோயே காரணம் என்று சொல்லும் கதையோ மிக அரிது. திருமணத்தோடு முடிவது கதைக்கு வசதி. நோய்க்கு அவ்வசதி இல்லை.

இன்றைய இளையோர் எழுதும் தொடர்கதைகளில் மௌனம் ஓரளவு கலைந்திருக்கின்றது. ஆயினும் அங்கே நோவு, நாயகனின் அன்பைக் காட்டுவதற்கான ஓர் இரவுக் காட்சியாகிவிடுகின்றது. அவன் வெந்நீர்ப் பையும் இனிப்பும் கொண்டு வருவான். விடிந்ததும் அவள் சிரிப்பாள். வெந்நீர் ஒற்றடம் நோவைத் தணிக்கும் என்பது உண்மையே. ஆனால் மாதந்தோறும் வேலைக்கும் பாடசாலைக்கும் போகவொட்டாமற் செய்யும் நோவு அன்பினால் தீர்வதன்று; மருத்துவர் பார்க்க வேண்டியது. ஒரே குழாயடியைப் பல குடும்பங்கள் பகிரும் லயத்திலே அந்த வெந்நீரும் எளிதிற் கிடைப்பதன்று.

மலையக இலக்கியம் உடலை மறந்த இலக்கியமன்று. கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை'யில் தோட்டப் பெண்ணின் வாழ்வை எழுதினார். 1934இல் ஹாலி எலவுக்கு அண்மையிலுள்ள தோட்டத்திற் பிறந்து, பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், லயத்து வாழ்வின் நெருக்கடிகளை நுணுக்கமாகத் தீட்டினார். மருத்துவராகப் பணியாற்றிய புலோலியூர் க. சதாசிவம் தம் சிறுகதைத் தொகுதியொன்றுக்கு 'ஒரு நாட் பேர்' என்றே பெயரிட்டார். தமிழகத்திலே அம்பை 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்ற கதையிற் பூப்பெய்திய சிறுமியின் மனம் நொறுங்குவதைக் காட்டினார். பசியையும் குளிரையும் கூலியையும் அவமானத்தையும் எழுதிய இம்மரபுக்கு மாதவிலக்கு நோயை எழுதுதல் இயலாத காரியமன்று. அரைப்பேர் ஏன் விழுந்தது என்ற வினாவை இன்னும் ஓரடி பின்தொடர்ந்தால் அங்கே வந்து சேரலாம்.

கதை மருத்துவ நூலாக வேண்டும் என்பதன்று இதன் பொருள். மயங்கி விழுந்த பெண்ணின் குருதியை ஒரு கதையிலாவது சோதித்துப் பார்க்கட்டும். 'பெண்ணென்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று பாட்டி சொல்லுமிடத்தில், லயத்துக்கு வரும் மருத்துவமாது 'இது பொறுக்க வேண்டிய நோவல்ல, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்' என்று மறுத்துச் சொல்லட்டும். இலங்கையிலே 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இயங்கி வருகின்றன. தன் நோவை நோயென்று அறியாதவளுக்கு அவை இருந்தும் பயனில்லை. சிகிச்சை நிலையத்தின் அறிவிப்புப் பலகை எட்டாத இடத்திற்கும் கதை எட்டுகின்றது. இத்தனை காலமும் தவறான செய்தியைக் கொண்டு சென்றது அதனாலேதான். சரியான செய்தியையும் அதே வழியில் கொண்டு செல்வது இன்று எழுதவரும் தலைமுறையின் கடன்.