பத்தும் இல்லை, பதினொன்றும் இல்லை

திருப்பாச்சூர் காலனியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் மூன்று வாரமாக ஒரே சண்டை. வண்டியின் அகலம் பத்துக் குமிழா, பதினொரு குமிழா?

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறோம். சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவரின் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விளையாடி முடித்த லெகோ பிளாக்குகளை ஓர் அரிசிச் சாக்கில் கட்டிக் கொடுத்தனுப்பினார். பல வண்டிகளும் வீடுகளும் உடைந்து ஒன்றாகக் கலந்த சாக்கு அது. எந்தத் துண்டு எதில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வழிகாட்டிப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. பிள்ளைகளுக்கு அப்படித் தெரியவில்லை.

பெரியவர்கள் இதற்காக எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பது அதன்பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. லெகோ 2018-ல் வெளியிட்ட புகாட்டி சிரோன் காரில் 3,599 துண்டுகள். வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 350 டாலராக இருந்தது. எங்கள் பகுதி ஆலைகளில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி மாதம் முழுக்க உழைத்து வாங்குவதைவிட அது அதிகம். போதாக்குறைக்கு 2020-ல் பொம்மைகள் மீதான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. பாரிமுனையில் கிடைக்கும் மலிவான பிளாக்குகளை வாங்கிப் பார்த்தோம். சில இறுகப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும், சில தொட்டாலே கழன்று விழும். லெகோவின் அச்சுகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான பிசகுக்குள் செய்யப்படுகின்றன. விலையில் பாதி அதற்குத்தான் என்று நினைக்கிறோம், மீதி பாதி பெயருக்கு. (அந்தப் பிளாக்கும் முழுக்க அவர்கள் யோசனை இல்லை. இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் செய்த கட்டையைப் பார்த்துத்தான் 1949-ல் டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் தொடங்கினார்கள். உள்ளே குழாய் வைத்துப் பிடிமானம் தந்தது 1958-ல். கையைக் காட்டுபவர் ஒருவர், பெயரை வாங்குபவர் இன்னொருவர் என்பது எங்களுக்குப் பழகிய கதை.)

எல்லாப் பையன்களையும் போல இவர்களும் முதலில் லம்போர்கினி என்றார்கள். எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, பாக்காத வண்டிய எப்படி அளக்கறது?"

அந்தக் கேள்வியில்தான் லான்சர் வந்தது. திருவள்ளூர் வட்டாரத்தில் இன்று முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நினைவிருக்கும். கடம்பத்தூர் அருகே அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998-லிருந்து மிட்சுபிஷி லான்சர் செய்தார்கள். அம்பாசிடர் செய்த கம்பெனிதான், ஆனால் அம்பாசிடர் வங்காளத்தின் உத்தர்பாராவில் பிறந்தது. லான்சர் எங்கள் மண்ணில் பிறந்த வண்டி. திருத்தணி சாலையில் ஒரு பட்டறையில் துருப்பிடித்த லான்சர் ஒன்று நின்றிருந்தது. முதல் நாள் பிள்ளைகள் தனியாகப் போனபோது விரட்டிவிட்டார்கள். மறுநாள் நாங்கள் கூடப் போனோம், அனுமதி கிடைத்தது. தையற்கார அக்காவிடம் வாங்கிய இஞ்சு டேப்பை வைத்துக்கொண்டு ஐந்து பேர் அரை மணி நேரம் அந்த வண்டியை அளந்தார்கள். நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர், அகலம் 1.69, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.5. ஜப்பானில் 1.7 மீட்டருக்குள் அகலம் இருந்தால்தான் சிறிய கார் என்ற வகையில் வரும். அதனால்தான் அந்த ஒரு செண்டிமீட்டர் கஞ்சத்தனம்.

சாக்கில் ஒரே மாதிரி டயர் நான்குதான் இருந்தது. விட்டம் 3 செண்டிமீட்டர். உண்மையான டயர் கிட்டத்தட்ட 60. ஆகவே எல்லாம் இருபதில் ஒன்று என்று முடிவாயிற்று. வண்டி எவ்வளவு பெரியது என்பதைத் தீர்மானித்தவை அந்த நான்கு டயர்கள். உலகம் முழுவதும் சொந்தமாக வடிவமைக்கிறவர்கள் இப்படி டயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள் என்று பின்னால் படித்தோம். டயரைச் செதுக்கிச் சிறிதாக்க முடியாது, மற்றதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். சக்கர இடைவெளி 125 மில்லிமீட்டர் வர வேண்டும், பதினாறு குமிழ் வைத்தால் 128, பரவாயில்லை. அகலம்தான் இடித்தது. 84.5 மில்லிமீட்டர். பத்துக் குமிழ் வைத்தால் 80, வண்டி ஒல்லியாகிவிடும். பதினொன்று வைத்தால் 88, தவளை மாதிரி பரந்துவிடும். அதோடு சாக்கில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு, நான்கு அகலத் துண்டுகள். ஒற்றைப்படைக்குத் துண்டு போதாது. இரண்டு கட்சி உருவாகி ஒருவரோடு ஒருவர் பேசாமல்கூட இருந்தார்கள்.

தீர்த்து வைத்தது அந்த எட்டாவது பெண். அவளுடைய அண்ணன் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் வீட்டில் இருந்தது. ஜேம்ஸ் ஜெஸ்மன் என்ற ஆஸ்திரேலியர் 1995-ல் எல்டிரா என்ற முறையை எழுதி இலவசமாகக் கொடுத்தார். 1997-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். தன்னார்வலர்கள் இன்றும் அதில் ஒவ்வொரு துண்டாகச் சேர்க்கிறார்கள். அதன்மேல் எழுதப்பட்ட லியோகேட் அந்தப் பழைய லேப்டாப்பில் முனகிக்கொண்டாவது ஓடியது. அதில் பார்த்துத்தான் அவள் கண்டுபிடித்தாள்: ஒரு பிளாக்கின் உயரம் 9.6 மில்லிமீட்டர். நடுவில் எட்டுக் குமிழ் அகலத்துக்கு உடம்பைக் கட்டி, இரண்டு பக்கமும் பிளாக்கைப் படுக்கவைத்துக் கதவாக ஒட்டினால் 64-ம் இரண்டு 9.6-ம் சேர்ந்து 83.2. நிஜ வண்டியில் பார்த்தால் இரண்டரை செண்டிமீட்டர்தான் குறை. "பத்தும் இல்ல, பதினொண்ணும் இல்லக்கா" என்று நோட்டைக் காட்டினாள். படுக்கவைத்த கதவு, நிற்கவைத்த உடம்போடு மேலும் கீழும் பொருந்துமா என்று கேட்டோம். பிளேட் எனப்படும் மெல்லிய துண்டு ஐந்தை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு குமிழ், அந்த உயரங்களில் கோடு சேரும் என்றாள். கணக்குப் பாடத்தில் அவள் வாங்கும் மதிப்பெண்ணை இங்கே சொல்லப்போவதில்லை.

திரையில் எல்லாத் துண்டும் எல்லா நிறத்திலும் உண்டு. சாக்கில் அப்படியில்லை. முன்பக்கம் நடுவில் சின்னம் வைக்க ஜம்பர் என்ற துண்டு வேண்டும், இரட்டைப்படை அகலத்தில் நடுக்கோட்டில் குமிழைக் கொண்டுவருவது அதுதான். இருந்தது இரண்டே இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, தீர்ந்தது. வண்டி மூன்று நிறத்தில் வந்தது.

கதவைச் சரிசெய்தது ஒரு தாத்தா. உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பல வருடம் கார் கதவுகளைத் தூக்கி அடுக்கியவர். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "பின் கதவு முன் கதவு அளவுக்கு வராதும்மா. சக்கரம் கடிச்சிக்கிட்டுப் போவும் அதை" என்றார். பட்டறைக்குப் போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. பின்கதவின் கீழ்மூலை சக்கர வளைவுக்காக வெட்டப்பட்டிருந்தது. டேப் வைத்து அளந்த ஐந்து பேர் கண்ணுக்கும் அது படவில்லை.

எங்களில் சிலர் எம்.ஏ. சமூகவியலில் ஹாரி பிரேவர்மனின் 1974-ம் ஆண்டு நூலை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள். யோசிக்கிற வேலையைச் செய்கிற கையிடமிருந்து பிரித்து எடுத்து மேலே கொண்டுபோய் வைப்பதுதான் நவீன ஆலை என்பது அவர் வாதம். அவரே செம்புக் கொல்லராக வேலை பார்த்தவர். இங்கே அந்தப் பிரிவினைக்கு ஆலை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை என்பது அம்பேத்கரைப் படித்த எவருக்கும் தெரியும். வழிகாட்டிப் புத்தகத்தோடு வரும் பெட்டியைப் பார்க்கும்போது எங்களுக்கு இது நினைவுக்கு வருகிறது. அதில் யோசிக்கிற வேலையை யாரோ முடித்துவிட்டார்கள், நமக்கு மிச்சம் மாட்டுவது மட்டும். நல்ல பொழுதுபோக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேலையும் எப்போதும் புத்தகத்தோடு வந்த பெட்டியாகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன.

வண்டி முடிந்த மாதம் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். லான்சரைக் கையில் எடுத்துப் பார்த்தார், மெச்சினார், படமெடுத்தார். பிறகு சொன்னார்: "அடுத்தது ஒரு குப்பை வண்டி செய்யச் சொல்லுங்க. தூய்மை விழிப்புணர்வுக்கு நல்லா இருக்கும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எத்தனையோ வண்டி இருக்க, காலனிப் பிள்ளைகளைப் பார்த்ததும் அவர் வாயில் வந்தது அது. நாங்கள் சிரித்து அனுப்பிவைத்தோம். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அன்று இரவு ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். நன்கொடை வரும் என்ற நப்பாசை, வேறென்ன.

அந்த வண்டி இங்கே செய்யப்படாது என்று முடிவெடுத்தோம். பொம்மையாகக்கூட நம் பிள்ளைகள் அதைத் தொட வேண்டாம் என்றார் எங்களில் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினோம்.

ஒத்துக்கொள்ளாதவன் ஒன்பதாவது படிக்கும் பையன். அவன் அம்மா தூய்மைப் பணியாளர். "அண்ணா, கார்ல எதுவுமே நகராது. கம்பாக்டர்ல பின்னாடி ரெண்டு வாட்டி மடங்கும், பாத்துக்கீறீங்களா?" நாங்கள் விளக்கினோம். அவமானம், வரலாறு, எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அவரு சொன்னாருன்னு செய்யல. குப்பையத் தூக்கிக் கொட்டற எடம் ரொம்ப ஒசரம். அம்மாவுக்குத் தோள் விட்டுப்போவுது. நான் அத்த எறக்கி வெக்கப் போறேன்."

அம்மாவை நிற்கவைத்து இடுப்பு உயரத்தை அளந்திருக்கிறான். 90 செண்டிமீட்டர். இருபதில் ஒன்று என்றால் 45 மில்லிமீட்டர். கொட்டுகிற வாய் அந்த உயரத்தில் இருந்தால் குப்பையை மேலே ஏற்ற உள்ளே இன்னொரு மடக்கு வேண்டும். அதை நோட்டில் நான்கு விதமாக வரைந்து மூன்றை அடித்திருந்தான். எங்களில் அந்த ஒருவர் இன்னும் சம்மதிக்கவில்லை, நோட்டை மட்டும் இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

லான்சர் அலமாரியில் நிற்கிறது. வலப்பக்கக் கண்ணாடி அடிக்கடி விழுகிறது, விழுந்ததை யாராவது எடுத்து மாட்டுகிறார்கள். கம்பாக்டருக்குச் சேசிஸ் முடிந்துவிட்டது. மேல்நல்லாத்தூர் கேட்டர்பில்லர் ஆலையிலிருந்து சாலையில் போகும் வண்டிகளின் நிறத்தில் மஞ்சள் துண்டு நிறைய இருக்கிறது. கீல் துண்டுதான் குறைகிறது. ஆறு வேண்டும், இரண்டு கிடைத்திருக்கிறது.