அம்மம்மாவும் ரியூப் லைற்றும்

எங்களிட்ட அம்மம்மா நடமாடுற, கதைக்கிற வீடியோ ஒண்டே ஒண்டுதான். நாலு நிமிசம். குசினியில் பலகாரம் சுட்டபடி ஆரையோ ஏசுறா. முழுக்க மினுங்குது.

காரணம் ரியூப் லைற். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய சோக் போட்ட லைற் செக்கனுக்கு 100 தரம் மங்கி எரியும். கண் பிடிக்காது. 30 பிரேமில் எடுக்கும் போன் பிடிக்கும். 3 பிரேமுக்கு ஒருக்கா ஒளி துடிக்கும்.

டாவின்சி ரிசால்வில் டிஃப்ளிக்கர் இருக்கு, ஆனால் காசு கொடுத்து வாங்கும் ஸ்ரூடியோ பதிப்பில்தான். நாங்கள் இலவச எஃப்எஃப்எம்பெக்கில் உள்ள ஃபில்டரைப் பிடித்தோம். பக்கத்துப் பிரேம்களின் சராசரி வெளிச்சத்துக்கு ஒவ்வொரு பிரேமையும் அது இழுத்து நிறுத்தும். சும்மா விட்டால் 5 பிரேம் பார்க்கும். துடிப்பு 3 பிரேமுக்கு ஒருக்கா எண்டால் 6, 9 எண்டு வைப்பதுதான் கணக்கு. 9 வைத்தோம், முகம் அடங்கியது.

ஆனால் சுவரில் ஊரும் கறுப்புப் பட்டைகள் போகவில்லை. சென்சர் வரிவரியாக வாசிப்பதால் வாற வினை அது. முழுப் பிரேமையும் ஒரேயளவாகக் கூட்டிக் குறைக்கிற ஃபில்டருக்கு அடங்காது. பிரேம்களை ஒன்றோடொன்று கலந்தால் பட்டை மங்கும், ஆனால் அகப்பை பிடித்த கை ரெண்டாத் தெரியும். மச்சாளுக்குச் சுவர் சுத்தமாக வேணுமாம். எங்களுக்கு அந்தக் கை வேணும். பட்டையை விட்டுவிட்டோம், மூல ஃபைலையும் தொடாமல் வைத்திருக்கிறோம்.

அம்மப்பா இருக்கிறார். இந்தத் தரம் ஷட்டரை 1/50இல் வைத்து, பகலில் விறாந்தையில் இருத்தித்தான் எடுக்கப் போறம். அவர்தான் சேட்டு மாத்த வேணுமாம் எண்டு நிக்கிறார்.