முனைக்காட்டுப் பாசி

கயிற்றின் பிரிக்குள் சிறு நூலைக் கோத்து, அதில் ஒரு பிடி பாசியை வைத்துச் சுருக்கிடுகிறார் ஓர் அக்கா. பார்த்துக்கொண்டே இருந்தும், விரல் எப்போது மடங்கியது, முடிச்சு எப்போது விழுந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு துண்டு ஏறக்குறைய 150 கிராம். கயிற்றுக்கு இருபது துண்டு, மிதவைக்கு இருபது கயிறு. ஆக, பன்னிரண்டடிச் சதுர மூங்கில் மிதவை ஒன்றுக்கு 60 கிலோ விதைப்பாசி.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தை அடுத்த முனைக்காட்டில், பாக் விரிகுடாக் கரையோரம் பனையோலைப் பந்தலுக்குள் இந்த வேலை நடக்கிறது. கட்டுவது கப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசி. பற்பசைக்கும் ஐஸ்கிரீமுக்கும் பதம் கொடுக்கும் கராஜீனன் இதிலிருந்துதான் வருகிறது. ஊரில் கேட்டால் பெப்சி பாசி என்பார்கள். இங்கே வணிக அளவில் முதலில் வளர்க்க வைத்தது பெப்சி நிறுவனம்.

மிதவையின் அடியில் வலை கட்டியிருந்தது. "ஓரா மீனு கூட்டமா வந்து மேஞ்சிரும் தம்பி. வலை இல்லேன்னா வெறுங்கயிறுதான் மிஞ்சும்" என்றார். மார்பளவுத் தண்ணீரில் நின்று வலையில் படிந்த சேற்றை உதறுவதும் பாசி கட்டுபவர்களின் வேலைதான். நாற்பத்தைந்து நாளில் அறுவடை. பத்துக் கிலோ பச்சைப்பாசி காய்ந்தால் ஒரு கிலோவாகிவிடும்.

இதே கரையில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் யோசனை ஒன்று சோதிக்கப்பட்டது. கடல் விரால் வளரும் மிதவைக் கூண்டைச் சுற்றிப் பதினாறு பாசி மிதவைகள். மீனின் கழிவும், தின்னாமல் விட்ட இரையும் நீரில் கரைந்து உரமாகின்றன. அதைப் பாசி உறிஞ்சிக்கொள்ள, நீரும் தெளிகிறது, பாசியும் கூடுதலாக விளைகிறது. கடல் மீன் வளர்ப்பில் நான் அறிந்தவற்றுள் இவ்வளவு நேர்மையான கணக்கு வேறில்லை. ஒரு குறை உண்டு. கடல் விராலுக்குச் சாளையை வெட்டிப் போடுகிறார்கள். ஏழை வாங்கித் தின்னும் மீனைக் கொடுத்து விலை உயர்ந்த மீனை வளர்ப்பது எத்தனை நாளைக்குச் செல்லும்? மாற்றுத் தீவனம் வந்தே ஆக வேண்டும்.

பாசியிலும் கவலை இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் இது படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அங்குள்ள மற்றத் தீவுகளை இது நெருங்கவிடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெயிலின் சேதமோ இன்னும் கொடியது. 2013-ஐ ஒட்டிக் கடல் சூடேறியதில் மிதவை மிதவையாகப் பாசி வெளுத்து அழுகியது. பலர் தொழிலையே விட்டார்கள்.

2023-இல் இதே மாவட்டத்து வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பந்தலில் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "பூங்கா வரட்டும். வாடைக்காத்துல மிதவையெல்லாம் உடைஞ்சு போகுது. மறுபடி கட்ட நல்ல விதை எங்க இருக்கு?" என்று அந்த அக்கா கேட்டார். சூடு தாங்கும் விதைப்பாசியை, வாடை ஓய்ந்து தை பிறந்ததும் இவர்கள் கையில் சேர்க்கும் ஏற்பாடுதான் முதலில் வர வேண்டும். கட்டடம் அப்புறம் எழும்பட்டும்.