அளியை, சுரிவளையே

புதுச்சேரியை அடுத்த வழுதாவூர் மண்ணும், திருச்சிக்கு வடக்கே காரை, ஊட்டத்தூர் ஓடைக்கரைகளும் ஒரு காலத்தில் கடலடித் தலங்கள். திரை ஓய்ந்தது, உவர் வற்றியது, கடல் பெயர்ந்தது. கடலோடு வாழ்ந்த குடி அழிந்தது. அக்குடி இருந்த மனைகள் மட்டும் கல்லாகிக் கிடக்கின்றன. அம்மோனைட்டு என்று உலகம் அழைக்கும் சுரிவளையே, அளியை நீ! கே, கன்லிஃப் என்னும் இருவர் இங்கே திரட்டிய உன் குலத்தை 1846-இல் ஆய்ந்து எழுதிய எட்வர்ட் ஃபோர்ப்ஸ், ஒன்றுக்குப் பிரமன் என்றும், ஒன்றுக்கு இந்திரன் என்றும், ஒன்றுக்குச் சூரியன் என்றும், ஒன்றுக்கு வருணன் என்றும் பெயர் சூட்டினார். சாவாதார் பெயர் செத்தார்க்கு ஆயிற்று. நெய்தலுக்கு இறைவனென நம் முன்னோர் வைத்த வருணன் பெயரைத் தாங்கியும், எந்த நெய்தலிலும் இன்று உனக்கு இடமில்லை.

அறுத்து மெருகேற்றிய வளை ஒன்றைக் கையில் ஏந்திப் பாருங்கள். நட்ட நடுவே கடுகளவே ஆன கருவறை. அங்கிருந்து வளர வளர அவ்வுயிர் முன்னே நகர்ந்தது. நகருந்தோறும் பின்னே சுவர் எழுப்பியது. நீங்கி வந்த அறையின் நீரை நுண்குழல் வழியே வாங்கி, வளி நிறைத்து, அவ்வெறுமையாலேயே மிதந்தது. குடியிருந்து நீங்கிய இல்லங்கள் அத்தனையையும் சுமந்தபடியே அது வாழ்ந்து முடிந்தது. சுவர் ஓட்டைத் தொடும் கோட்டிலும் ஒரு வரலாறு உண்டு: முதற்குடியில் எளிய நெளிவு, இடைக்குடியில் பல்வைத்த மடிப்பு, கடைக்குடியில் கொடியும் தளிருமாய் விரிந்த சித்திரம். சித்திரம் நிறைவெய்திய காலத்தில்தான் சுவரே இடிந்தது. அளிய அக்கோடுகள்.

ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் கடலில், நேர்குழலாய் நீண்டிருந்த முன்னோர் வளையத் தொடங்கினர். வளைந்தது சுருண்டது, சுருண்டது நெருங்கியது, சுருளின் நடுவே முதலில் திறந்திருந்த சாளரம் காலப்போக்கில் குறுகி அடைபட்டது. ஓடு இறுக இறுகக் கருவறை சிறுத்தது. கரு சிறுக்கச் சிறுக்க மகவு பெருகியது. அச்சிறுமையே குடிக்கு அரணாயிற்று. 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் ஊழி முடிந்து கடலுயிர் பெரும்பாலும் மாண்டபோது இரண்டு மூன்று கால்வழிகளே எஞ்சின. எஞ்சியவை இருபது லட்சம் ஆண்டுக்குள் கடலை மீண்டும் நிறைத்தன. 20 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டிரையாசிக் ஊழி முடிந்தபோதும் அழிவு குடியின் வேர்வரை சென்றது. அதன்பின் வந்த சைலோசெராஸின் ஓடு, முன்னோர் பூண்ட விலாவும் முள்ளும் முடிச்சும் இன்றி, கைம்மை நோற்பார் மேனிபோல் வெறுமையாய் இருந்தது. அவ்வெறுமையிலிருந்தே தட்டையாய் மெலிந்தவையும், உருண்டையாய்த் திரண்டவையும், சுற்றுக்குள் சுற்று மறையாது விரிந்தவையும் பிறந்தன. இத்தனை முறை மாண்டு மீண்ட குடிக்கு இனியொரு சாவில்லை என்று எவரும் எண்ணியிருப்பர், அளிய அவ்வெண்ணம்.

அளவிலும் அக்குடி ஓரெல்லைக்குள் நின்றதில்லை. விரல்நகத்துள் அடங்கியவை உண்டு. 1895-இல் ஜெர்மனியின் செப்பன்ராடில் கிடைத்த பாராபுசோசியாவோ, வாய்ப்புறம் சிதைந்தும் 1.74 மீட்டர் குறுக்களவினது. சிறியதும் பெரியதும் ஒரே படுகையில் கிடந்தால், இளமைச் சுற்றுகள் ஒத்திருந்தும், இருவேறு இனமென்று பெயரிட்டுப் பிரித்தனர் ஆய்வோர். 1962-இல் மகோவ்ஸ்கியும் 1963-இல் காலமனும், அவற்றுள் பல ஒரே இனத்தின் பெண்ணும் ஆணுமே என்று காட்டினர். பெரியது பெண் என்பது அறிஞர் துணிபு. மண்ணுள் அருகருகே உறங்கியும் ஏட்டில் நெடுங்காலம் பிரிந்திருந்த அவ்விணைகள், அளியர் அவர்.

கிரெட்டேசியஸ் காலத்தில் சுருள் பலவாறு அவிழ்ந்தது. காரையில் டரிலைட்டீஸ் கோபுரமாய் ஏறியது. வழுதாவூரில் பாகுலைட்டீஸ் குடியினது, பிள்ளைப் பருவத்தில் மட்டும் சிறிது சுருண்டு, பின் முதுமூதாதை போல் கோலாய் நிமிர்ந்தது. ஜப்பானின் ஹொக்கைடோவில் கிடைத்து 1904-இல் பெயர்பெற்ற நிப்போனைட்டீஸ், வளைந்து திரும்பி வளைந்து சிக்குண்ட நூலாய் ஆயிற்று. குலம் மூப்படைந்தது, உருக்குலைந்தது, ஆதலின் அழிந்தது என்று அறிஞர் பலர் எழுதினர். அது பழிச்சொல். அவிழ்ந்த கால்வழியிலிருந்தே சீராய்ச் சுருண்டவை மீண்டும் தோன்றின என்று 1969-இல் வீட்மன் எழுதினார். நிப்போனைட்டீஸின் சிக்கல் முழுதும், வாயை ஒரு சாய்வில் நிறுத்திக்கொண்டே வளரும் ஓர் எளிய ஒழுங்கில் பிறக்கும் என்று 1988-இல் ஒகமோட்டோ கணிப்பொறியில் வரைந்து காட்டினார். மாண்டார் மறுமொழி கூறமாட்டார் என்று துணிந்து சுமத்திய பழி அது. அதைச் சுமந்து கிடந்தாய், அளியை.

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலுப்பில் விண்கல் வீழ்ந்தது. அந்நாளில் நம் தக்காணமும் எரிமலைக் குழம்பாய் ஒழுகிக்கொண்டிருந்தது. பகல் இருண்டது, மேல்நீர் புளித்தது, மிதவை நுண்ணுயிர் மடிந்தது. அம்மேல்நீரே உன் மகவுக்குத் தொட்டில் என்பர். முந்தைய ஊழிகளில் அரணாய் நின்ற சிறுமை இவ்வூழியில் கூற்றாயிற்று. பெருமுட்டை சிலவே இட்டு ஆழத்தே ஒதுங்கிய நாட்டிலஸின் முன்னோர் பிழைத்தனர்; இந்து-பசிபிக் கடலில் அவர் வழித்தோன்றல் இன்றும் நீந்துகிறது.

டென்மார்க்கின் ஸ்டெவ்ன்ஸ் கிளிண்ட் கடற்பாறையில், பேரழிவைக் குறிக்கும் களிமண் பட்டைக்கு மேலேயும் ஓடுகள் சில கிடைத்தன. ஊழி முடிந்தபின்னும் அவை சிறிது காலம் உயிர் தரித்தன என்று ஆய்ந்தோர் கூறுவர். அவற்றுள் ஒன்று கோலாய் நிமிர்ந்த பாகுலைட்டீஸ். மற்றொன்று கொக்கியாய் வளைந்த ஸ்கேஃபைட்டீஸ் குடியினது. மூப்பில் உருக்குலைந்தன என்று ஏசப்பட்டவையே, குலம் வீழ்ந்த நாளுக்கு அப்பாலும் களத்தில் நின்றன.