ஒரு நாளைக்கு ஒரு நகம்

டைல்ஸ் தரையில் நாய் நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். "மணி வர்றான்" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பல வீடுகளில் அது செல்லமான சத்தம். ஆனால் அதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. நகம் அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டது என்று நாய் சொல்லாமல் சொல்கிறது.

காரைக்காலில் வசிக்கும் ஓர் இல்லத்தரசிக்கு இது புரிந்தபோது, அவர் வீட்டு மணிக்கு 9 வயது. மொட்டை மாடிக்கு அவர் வடாம் காயவைக்கப் போனால், முந்திக்கொண்டு படியேறும் நாய் அது. சில மாதங்களாகக் கீழ்ப்படியிலேயே நின்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தது. ஹாலில் வேகமாகத் திரும்பினால் பின்னங்கால் வழுக்கியது.

"அதுக்கும் வயசாகுதுல்ல, விடு" என்றார் கணவர்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் கால்நடை மருத்துவர் மணியின் காலைத் தூக்கிப் பார்த்தார். "வயசு இருக்கட்டும்மா. முதல்ல நகத்தைக் குறைங்க. நம்ம அளவுக்குச் சின்ன செருப்பைப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க நடந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் இது நடக்குது" என்றார்.

விஷயம் இதுதான். நகம் நீண்டுவிட்டால், ஒவ்வோர் அடியிலும் தரை அதைப் பின்னுக்குத் தள்ளும். அந்த அழுத்தம் விரல் மூட்டுக்குப் போகும். வலியைத் தவிர்க்க நாய் உடம்பின் பாரத்தைப் பின்பக்கம் சாய்த்து நிற்கும். பாதத்தின் மெத்தைப் பகுதி தரையை நன்றாகப் பிடிக்காததால் வழுக்கும். வயதான நாய்க்கு ஏற்கெனவே மூட்டுவலி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தெரு நாய்களுக்கு யார் நகம் வெட்டுகிறார்கள்? தார் ரோடும் சிமென்ட்டும்தான். நாள் முழுக்கச் சுற்றுவதிலும் மண்ணைத் தோண்டுவதிலும் நகம் தானாகத் தேய்ந்துவிடும். வீட்டு நாய்க்கு அந்த வாய்ப்பு குறைவு. அதுவும் காரைக்கால் போன்ற ஊரில் இன்னும் குறைவு. அரசலாறு கடலில் கலக்கும் இடம் இது. ஒரு பக்கம் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல், இன்னொரு பக்கம் கடற்கரை மணல். மணியின் உலகமே வீட்டுக்குள் வழவழப்பான டைல்ஸும், காலையில் கடற்கரை மணலும்தான். இரண்டிலும் நகம் தேயாது. தெரு செய்துவந்த வேலையை வீட்டுக்காரர்கள்தான் செய்தாக வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இதில் ஒரு பயம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, வெளியில் ஓர் இடத்தில் மணிக்கு நகம் வெட்டினார்கள். நாலு பேர் அமுக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் அத்தனை நகமும். ஒரு நகத்தில் ரத்தம் வந்துவிட்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் மணி கை கொடுப்பதில்லை. பாதத்தைத் தொட்டாலே உறுமும்.

ரத்தம் வரக் காரணம், நாயின் நகத்துக்குள் உயிருள்ள சதை இருப்பதுதான். அதில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகமென்றால் இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால் நுனியிலிருந்து மெல்லிய சீவலாக, கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு அடுத்தது சதை. நகம் நீள நீளச் சதையும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. அடிக்கடி நுனியை மட்டும் எடுத்துவந்தால் சதையும் மெல்ல உள்ளே போகும்.

"ஒரே நாள்ல முடிக்கணும்னு யாரும்மா சொன்னது? ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும்" என்றார் மருத்துவர். அந்த ஒரு வார்த்தையில் பாதி பயம் போய்விட்டது.

முதல் பத்து நாள் வெட்டவே இல்லை. பாதத்தைத் தொடுவது, ஒரு துண்டு பிஸ்கட் கொடுப்பது, விட்டுவிடுவது. பிறகு நெயில் கட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வேலை. நாய்க்கென்று விற்கும் கட்டர்தான் வேண்டும். நம்முடையது தட்டையான நகத்துக்கானது. உருண்டையான நாய் நகத்தை அது நசுக்கிப் பிளந்துவிடும்.

ஒருநாள் மாலை வேலை முடிந்து உட்கார்ந்தபோது மாமியார் குறுக்கிட்டார். "விளக்கு வெச்சப்புறம் நகம் வெட்டுவாங்களாம்மா?"

"நமக்குத்தானே அத்தை அது, நாய்க்குமா?"

"யாருக்கா இருந்தா என்ன, இருட்டுல தெரியுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கறுப்பு நகத்தில் கரும்புள்ளியைக் கண்டுபிடிக்க நல்ல வெளிச்சம் வேண்டும். மறுநாளிலிருந்து திண்ணையில், நாலு மணி வெயிலில் வேலை நடந்தது. மாமியாருக்காக வெள்ளிக்கிழமை விடுமுறை.

கணக்கும் அழகாகப் பொருந்தியது. பெரும்பாலான நாய்களுக்கு முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நாலு நாலு என மொத்தம் 18 நகங்கள். வாரம் ஆறு நாள் என்றால் சரியாக மூன்று வாரம். நகத்தை மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது என்பதால், ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடலாம். இதில் மறந்துபோகும் நகம், முன்னங்காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் ஐந்தாவது நகம். தரையைத் தொடாததால் தேயவே தேயாது. கவனிக்காமல் விட்டால் வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்திவிடும்.

கை தவறி ரத்தம் வந்தால் பதற வேண்டாம். சுத்தமான துணியில் கொஞ்சம் சோளமாவு வைத்து, நகநுனியில் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். படிகாரத் தூளும் உதவும், கொஞ்சம் எரியும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

நீண்ட நகத்தால் நமக்கும் ஆபத்து உண்டு. விளையாட்டில் குழந்தையின் கையில் கீறல் பட்டால், சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்க் காட்ட வேண்டும். தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாய்க்கு வருடாந்திர ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

மணி இப்போது மாடிப்படி ஏறுகிறது. முன்போல ஓடி அல்ல, நிதானமாக. வயது என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது! ஆனால், வயதின் கணக்கில் எழுதிவைத்த எல்லாமே வயதால் வந்ததல்ல என்று அந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் ஒரு சனிக்கிழமை, கட்டரை எடுத்துக்கொண்டு அந்த அம்மா திண்ணைக்கு வந்தபோது, யாரும் கேட்காமலே மணி வலது முன்னங்காலை நீட்டியது. பிஸ்கட்டுக்காகத்தான் என்கிறார் கணவர். இருக்கட்டுமே!