நித்தியகல்யாணி விதைகள்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உங்களில் பலருக்கு ஒரு சிறு காகிதப் பொட்டலம் கொடுத்தேன். அதனுள் இருப்பவை கடுகளவே உள்ள கறுத்த விதைகள். நித்தியகல்யாணிச் செடியின் விதைகள். பெயரைக் கேட்டவுடன் இருவர் தயங்கி, பொட்டலத்தைப் பணிவோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களை முன்னிட்டே இந்த வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

அவர்களுடைய தயக்கத்தின் காரணம் நமக்குத் தெரிந்ததே. இச்செடிக்குச் சுடுகாட்டு மல்லி என்று மற்றொரு பெயர் உண்டு. கசப்பும் நஞ்சும் உள்ளதால் ஆடுமாடுகள் இதைக் கடிப்பதில்லை. தண்ணீர் ஊற்றுவார் இல்லாத மேட்டிலும் இது தழைக்கும். ஆகையால் வேறெந்தப் பூவும் நிலைக்காத கல்லறைகளின் நடுவிலும் இது நின்று பூத்தது. துக்கத்தில் இருப்போருக்குத் துணைநின்ற செடியை, துக்கத்தைக் கொண்டுவரும் செடி என்று நாம் வீட்டு முற்றத்திலிருந்து விலக்கிவிட்டோம்.

இதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. உறைபனி விழும் தேசங்களில் இது ஓராண்டுச் செடி. குளிர்காலம் வந்ததும் மடிந்துபோகும். ஆண்டுதோறும் அவர்கள் புதிதாக விதைக்கவேண்டும். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள நம் மேல்சித்தாமூரிலோ உறைபனி என்பதே இல்லை. ஒருமுறை விதைத்தால் ஆண்டுகள் பல நின்று, எல்லா மாதங்களிலும் பூக்கும். அங்கே ஒரு பருவத்தோடு முடிகிற அதே விதை, இங்கே நித்தியம் என்னும் பெயரைப் பெறுகிறது. அது விழுகிற இடமே இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது.

விதைக்கும் முறை எளிது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, தை பிறந்தபின் விதையுங்கள். ஈரம் தேங்கினால் இளநாற்று அழுகிவிடும். செம்மண்ணும் மணலும் கலந்த தொட்டியில் விதைகளைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடுங்கள். வெளிச்சத்தில் கிடக்கும் விதையைவிட இருளில் மூடப்பட்ட விதையே நன்றாக முளைக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் முளை தோன்றும். அதுவரை மண்ணைக் கிளறிப் பார்க்காதிருங்கள். முளைத்தபின் வெயிலில் வையுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும். காய் பழுப்பேறி வெடிப்பதற்கு முன் பறித்தால் அடுத்த வீட்டாருக்கும் விதை கொடுக்கலாம்.

இனி, நான் சொல்ல விரும்பிய காரியம். 1950களில் ஜமைக்காத் தீவின் மக்கள் நீரிழிவுக்காக இச்செடியின் இலையைக் காய்ச்சிக் குடிப்பதை அறிந்து, கனடா தேசத்தில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் அந்த இலையை ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் மருந்து பிறந்தது. அமெரிக்காவில் வேறு ஆய்வாளர்கள் இதே செடியிலிருந்து வின்கிறிஸ்டின் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 1963இல் அது பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டது. இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகள் அதற்குமுன் பெரும்பாலும் சில மாதங்களிலேயே மரித்தார்கள். இன்று இதனோடு வேறு மருந்துகளும் சேர்த்து முறையாகச் சிகிச்சை கிடைக்கும் நாடுகளில், அவர்களுக்கு மிகுதியாக வரும் வகையில், பத்துப் பேரில் எட்டுப் பேருக்கும் மேல் பிழைக்கிறார்கள். நம் தமிழகத்தின் தென் மாவட்டத்து விவசாயிகளும் மானாவாரி நிலத்தில் இதைப் பயிரிட்டு இலையையும் வேரையும் மருந்துக்காக அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: மருத்துவர் அளந்து நரம்பில் செலுத்துவதே மருந்து. வீட்டில் இலையைக் காய்ச்சிக் குடிப்பது ஆபத்து.

நம் சபையின் பிள்ளை ஒருவன் சென்னையில் இந்த மருந்தை ஏற்றுக்கொண்டிருக்கிறான். பெற்றோரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். முடிவு என்னவென்று இன்று எவரும் சொல்ல இயலாது. அவன் தாயார் என்னிடம், "ஐயா, ஊசியைக்கூடத் தாங்கிக்கொள்கிறோம். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப்போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார்கள். எந்தப் பாவத்தின் பலனோ என்று சிலர் பேசியதும் அவர்கள் செவிக்கு எட்டியிருக்கிறது.

பிரியமானவர்களே, பிறவிக்குருடனைக் கண்டபோது சீஷர்களும் இதையே கேட்டார்கள். யார் பாவம் செய்தது என்ற அந்தக் கேள்வியை ஆண்டவர் ஏற்கவில்லை. அவன் கண்களைத் திறந்தார். ஒரு செடிக்குத் தவறான பெயரைச் சூட்டி அதை விலக்கியவர்கள் நாம். அந்தச் செடியே இன்று அந்தப் பிள்ளையின் நரம்பில் மருந்தாக ஓடுகிறது. அவனுடைய வீட்டுக்கும் அத்தகைய பெயரைச் சூட்ட வேண்டாம்.

அவன் அடுத்த வாரம் ஊர் திரும்புகிறான். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் தவிர்த்து மற்றவர்கள் கைகழுவிச் சென்று பாருங்கள். சில நிமிடம் வாசலில் நின்றாலும் போதும். பதினெட்டு வயது நிரம்பிய ஆரோக்கியமுள்ளவர்கள் இரத்ததானத்துக்குப் பெயர் கொடுங்கள். அவனுக்கு இன்னும் பலமுறை இரத்தம் தேவைப்படும். புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் நடைபெறும். சபையார் யாவரும் வாருங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.