பதினோரு ஸ்க்ரூவும் ஒரு மடிக்கணினியும்

கடையில் காசு கொடுத்து யாரும் வாங்காத ஒரு பொருள், ஆனால் தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கும். என்ன அது? அதேதான்... அரசு கொடுத்த இலவச மடிக்கணினி :-)

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம். எல்காட் நிறுவனம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. பள்ளி, கல்லூரி வழியாக அடுத்த சில வருடங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

சந்தோஷம். ஆனால் 50 லட்சம் மடிக்கணினி கொடுத்தால் 50 லட்சமும் பழசாகும் அல்லவா? வாங்கின புதிதில் பறந்த பெட்டி மூன்றாவது வருடம் ஆமையாகிவிடும். பட்டனை அமுக்கிவிட்டு குளித்துவிட்டு வரலாம். அந்த நேரத்தில் என்ன செய்வது? பரண் மேல் போடுவதா, கடனை வாங்கிப் புதுசு எடுப்பதா, இல்லை ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதா?

செண்பகனூரில் ஒரு பையன் மூன்றாவதைச் செய்தான். அவன் கதைதான் இது.

செண்பகனூர் தெரியாதவர்களுக்கு: வத்தலக்குண்டிலிருந்து மலையேறும்போது கொடைக்கானல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஊர். இயேசு சபையினர் 1895-ல் தொடங்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறதே, அந்த ஊர்தான். பையனின் அப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். 2021 கோடையில் ஊரடங்கு. சீசன் சம்பாத்தியம் சுத்தமாகப் போச்சு. வேன் வாசலில் நிற்கிறது. பையனுக்குக் கல்லூரிப் பாடம் ஆன்லைனில், தங்கைக்குப் பள்ளிப் பாடமும் ஆன்லைனில். வீட்டில் இருந்த ஒரே கணினி, அவன் பிளஸ் டூ முடித்த 2019-ல் கிடைத்த அரசு மடிக்கணினி. அதுவோ வகுப்பு ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் கண்ணையே திறக்கும்.

ராம் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்று அவன் நினைத்தான். எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். பஸ் ஓட ஆரம்பித்த ஜூலையில் திண்டுக்கல் இறங்கி ஒரு சர்வீஸ் கடைக்குப் போனான்.

"அண்ணே, 4 ஜிபி ராம் இருக்கு. இன்னொரு 4 போட்டா ஸ்பீடு ஆயிருமாண்ணே?"

"டாஸ்க் மேனேஜரைத் தொறந்து பாத்தியா தம்பி? டிஸ்க்கு எத்தனை பர்சென்ட் காட்டுது?"

"எப்பவும் நூறுதாண்ணே."

"அப்புறம் எதுக்கு ராமு? கழுத்து நெறிபடுற இடம் வேற தம்பி. எஸ்எஸ்டி போடு."

நியாயமான மனுஷன்! ராமை விற்றுக் காசு பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பார்ப்போம். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் நகர்கிற நேரம் தனி. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுத் தகவல்களை அது விநாடிக்கு நூறு கூட எடுக்காது. விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை, எல்லாம் சில்லு. சாதாரண எஸ்எஸ்டியே விநாடிக்குப் பல ஆயிரம் துண்டுகளை எடுத்துவிடும். அதனால்தான் இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ராம் நிரம்பி வழிகிறவர்களுக்கு ராம்தான் மருந்து. எது நிரம்புகிறது என்று பார்க்காமல் வாங்கினால் காசுதான் கரையும்.

240 ஜிபி எஸ்எஸ்டி, இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். அவனுடைய சேமிப்பு முழுவதும் அதில் போனது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பா எகிறினார்.

"கவர்மென்டு குடுத்ததப் பிரிக்கப் போறியா? கெட்டுப் போச்சுன்னா இன்னொன்னு யாருடா குடுப்பா? பாப்பா எதுல படிப்பா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு வருட வகுப்பு, இரண்டு பேர் படிப்பு, எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள். அதோடு வீட்டுப் போட்டோக்கள் அத்தனையும்.

அவன் பதில் பேசவில்லை. முதல் வேலையாக ஒரு பென் டிரைவில் விண்டோஸ் 10-ஐ நிறுவும் கோப்பைத் தயார் செய்தான். இதை ரொம்பப் பேர் மறந்துவிடுவார்கள். வீட்டில் ஒரே கணினி என்றால் பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிரித்த பிறகு எதில் செய்வது? பழைய டிஸ்க்கை அழிக்கப் போவதில்லை. அதை அப்படியே கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, புதியதில் புதிதாக நிறுவுவது என்று முடிவு. எது சொதப்பினாலும் பழையதைத் திரும்ப மாட்டினால் பழைய ஆமையாவது மிஞ்சும். இதை விளக்கிச் சொன்ன பிறகுதான் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். வேனில் ஸ்டெப்னி இல்லாமல் மலை இறங்காதவர் ஆயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மஞ்சு இறங்கி எதிர் வீடே தெரியவில்லை. அப்பா ஜன்னலைச் சாத்தினார். பையன் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றினான். குளிரில் ஏன் இந்த வேலை என்கிறீர்களா? கம்பளி உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். நம் கைக்குச் சுரீர் என்று கூடத் தெரியாத அளவு போதும், சில்லைக் கொல்ல. ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டு உட்கார்ந்தான்.

அடிப்பக்கம் பதினோரு ஸ்க்ரூ. முதல் மூன்றைக் கழற்றித் தரையில் போட்டதுமே அப்பா தடுத்தார். ஒரு பேப்பரில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். இன்ஜின் இறக்கும்போது அவர் செய்வது அது. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் முறுக்கினால் போர்டைக் குத்திவிடும். அது கணினிக்காரர்கள் சொல்லும் பாடம். அவருக்கு வேனிலேயே தெரிந்திருந்தது.

மூடி திறந்தது. முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். டிஸ்க் வெளியே வந்தது, எஸ்எஸ்டி உள்ளே போனது. இரண்டும் இரண்டரை இன்ச், ஒரே சாட்டா பின். வேலை முடிந்தது. ஆனால் ஆசை விடவில்லை. பின்னாளில் ராம் வாங்க உதவுமே என்று ராமையும் கழற்றி ஸ்டிக்கரைப் படித்துவிட்டுத் திரும்பச் சொருகினான். மூடினான். பட்டனை அமுக்கினான்.

விளக்கு எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது. திரை மட்டும் கறுப்பு.

தங்கை முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. எஸ்எஸ்டி போச்சா, போர்டு போச்சா, எதுவும் புரியவில்லை. அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"கடைசியா எதுலடா கைய வச்ச?"

"ராமுலப்பா."

"அப்ப அதத்தான் மொதல்ல பாக்கணும்."

மறுபடி பதினோரு ஸ்க்ரூ. இந்தத் தடவை அப்பா செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். ராமின் தங்கநிற விளிம்பு ஒரு பக்கம் வெளியே கோணலாகத் தெரிந்தது. சாய்வாக முழுசாய் உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்க, 'டிக்' என்று இரண்டு பக்கமும் கொக்கி விழுந்தது. முதல் தடவை அந்தச் சத்தம் வரவே இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

திரை ஒளிர்ந்தது. விண்டோஸை நிறுவ அரை மணி நேரம். அதன் உரிமம் போர்டோடு சேர்ந்தது என்பதால் டிஸ்க் மாறினாலும் நெட் வந்ததும் தானே பதிவாகிக்கொண்டது. அதன் பிறகு தங்கை பட்டனை அமுக்கிவிட்டு வழக்கம்போல் எழுந்து போகப் பார்த்தாள். கதவைத் தாண்டுவதற்குள் திரை தயாராகிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள் :-)

எல்லாவற்றையும் இப்படி மாற்றிவிட முடியாது. அதில் பிராசசர் போர்டோடு பற்றவைத்தது, தொட முடியாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலில் அது இல்லை. அதனால் பெட்டி லினக்ஸுக்கு மாறிவிட்டது. இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராமையே பற்றவைத்து விடுகிறார்கள். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, அதே வருடம் டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் திறந்தது. நல்லதுதான். ஆனாலும் வாங்கும்போதே "ராம் கழற்றலாமா?" என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

கழற்றிய பழைய டிஸ்க் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, வீட்டுப் போட்டோக்களோடு. ஸ்க்ரூ படம் வரைந்த அந்தப் பேப்பரும் கூடவே இருக்கிறது. அதை அங்கே வைத்தவர் அப்பா.